முதல் கைத்துப்பாக்கியாக ஒரு பழைய ரிவால்வர்: கையால் சோதித்து வாங்குவதற்கான முழு வழிகாட்டி

நான் வாங்கிய முதல் ரிவால்வர் கண்ணாடிபோல மின்னியது. துப்பாக்கிச் சந்தை ஒன்றில் மேசைமேல் இருந்த இருபது முப்பது துப்பாக்கிகளில் அது மட்டும் புதிதாகத் தெரிந்தது. விற்றவர் நல்லபடியாகப் பேசினார், நானும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சில் மூன்றாவது ரவுண்டு சுட்டபோது பக்கத்துத் தடத்தில் நின்றவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ஊசிமுனை அளவு ஈயத்துணுக்கு ஒன்று அவர் முகத்தில் தெறித்திருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தார். தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரின் அறை, குண்டு வெளியேறும் குழாயான பேரலுக்கு நேராக வந்து நிற்பதற்கு முன்பே, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமர் விழுந்துகொண்டிருந்தது. கடையில் ஐந்து நிமிடம் கையால் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய ரிவால்வரில் மேல்பூச்சு ஒன்றுமே சொல்லாது. சிலிண்டர் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் மாநிலம் இது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்துவது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது, அங்கே வழியே வேறு.

முதலில்: உங்களுக்கு அனுமதி உண்டா?

நம்மவர்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்களுக்கு மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. வாங்க மட்டுமல்ல, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கவே தடை. ரேஞ்சில் அரைமணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். நண்பர்களோடு வார இறுதியில் போய்ச் சுட்டு, படத்தையும் பகிர்ந்துவிடுகிற எச்-1பி இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு மாலைப்பொழுதுக்காக இத்தனை வருட உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், சில நேரம் நாட்களும் ஆகலாம். அந்தப் படிவத்தில் போதைப்பொருள் பற்றிய கேள்வி உண்டு. உங்கள் மாநிலத்தில் கஞ்சாவுக்கு அனுமதி இருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கும், பொய் சொன்னால் குற்றம்.

அப்புறம் மாநிலச் சட்டம். இல்லினாயில் முதலில் ஃபாய்ட் அட்டை, அதாவது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாநிலம் தரும் அடையாள அட்டை வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் வாங்கும் அனுமதிச் சீட்டு, நியூ யார்க்கில் பிஸ்டல் உரிமம், கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு. உங்கள் ஊர் விதியை அந்த ஊர்க் கடையிலேயே கேளுங்கள். தினமும் அதே வேலை செய்பவர்கள், சரியாகச் சொல்வார்கள்.

எதற்கு ரிவால்வர், அதுவும் பழையது?

குறிபார்த்துச் சுடக் கற்பவருக்கு ரிவால்வர்போல ஆசான் கிடையாது. ஆறு அறைகளில் நான்கில் மட்டும் தோட்டா போட்டு, இரண்டில் சுட்டுமுடித்த வெற்று உறைகளைப் போடுங்கள். எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடிவிட்டுச் சுடுங்கள். வெற்று உறைமேல் ஹேமர் விழும்போது சத்தம் வராது. ஆனால் வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் உங்கள் கை துப்பாக்கியைக் கீழே அழுத்துவது பளிச்சென்று தெரியும். நான் மாதக்கணக்கில், குறிபார்க்க உதவும் பின்குறியைத் திருகித் திருகி, குண்டு ஏன் கீழே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். காரணம் என் மணிக்கட்டு என்று காட்டியது இந்தப் பயிற்சிதான்.

பழையது ஏன் என்றால், இலக்குச் சுடுதலுக்கென்றே பட்டறையில் கைபார்த்துச் சீராக்கிய ரிவால்வர்கள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. அன்றைக்கு நகரத்துக் காவலர்களும் கிளப் உறுப்பினர்களும் அவற்றைத்தான் வைத்துப் போட்டியிட்டார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்றின் டிரிகரைக் காலியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தால் போதும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும்.

எதைத் தேடுவது

என் பரிந்துரை ஒன்றே: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் கே என்ற நடுத்தர அளவுச் சட்டகத்தில் செய்த இலக்கு ரிவால்வர். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு கே-38 மாஸ்டர்பீஸ், .22 தோட்டாவுக்கு கே-22 மாஸ்டர்பீஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இவற்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1957இல் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தபோது கே-38 மாடல் 14 ஆனது, கே-22 மாடல் 17 ஆனது. சிலிண்டரை வெளியே திறந்தால், அதைத் தாங்கும் கை சட்டகத்தோடு சேரும் இடுக்கில் இந்த எண் பொறித்திருக்கும். எண் இல்லாமல் வெறும் வரிசை எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது.

ஆறு அங்குலப் பேரல், திருகித் திருத்தக்கூடிய பின்குறி, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. இந்த எடையில் .38 ஸ்பெஷலின் மென்மையான இலக்குத் தோட்டா உதைப்பதே தெரியாது. மாடல் 14இல் ஒரு சின்னக் கவனம். போட்டிக்காரர்களுக்கென்று ஹேமரை விரலால் இழுத்தால்தான் சுடக்கூடிய வகையும் கொஞ்சம் செய்திருக்கிறார்கள். டிரிகரை மட்டும் இழுத்தால் ஹேமர் தானாக எழுந்து விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கற்பவருக்கு இரண்டும் வேண்டும்.

.22ஆ .38ஆ என்று கேட்டால், நிறையச் சுடப்போகிறவருக்கு .22. தோட்டாச் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் பழைய கே-22 கிடைப்பது அரிது, விலையும் ஏறியிருக்கிறது. ஆகவே பெரும்பாலோர் கடைசியில் .38க்கே வருகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

கோல்ட் (Colt) நிறுவனத்தின் ரிவால்வர்கள் அழகானவை. 1955இல் வந்த பைத்தான் மாடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தக் காலக் கோல்ட்டின் உள்ளமைப்பு நுட்பமானது, தேய்ந்துபோனால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்குங்கள்.

விலகிப் போக வேண்டியவை

வெப்லி. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் அதிகாரிகளின் இடுப்பில் இருந்த துப்பாக்கி என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் ஒரு ஈர்ப்பு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவுக்கு இறக்குமதியான .455 வெப்லிகளில் ஏராளமானவற்றின் சிலிண்டரைப் பின்னால் சீவி, .45 ஏசிபி தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண .45 ஏசிபியின் அழுத்தம் அந்தச் சட்டகம் தாங்குவதற்கென்று செய்ததைவிட மிக அதிகம். சிலிண்டர் பிளந்துபோகலாம். முதல் துப்பாக்கியாக வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் போர்க்கால விக்டரி மாடல். பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போனவை .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டாவுக்குச் செய்தவை. பெயர் ஒத்திருந்தாலும் .38 ஸ்பெஷல் வேறு, அது நீளமானது, ஒல்லியானது. போருக்குப் பின் பல துப்பாக்கிகளின் அறைகளை ஆழப்படுத்தி .38 ஸ்பெஷல் போகும்படி செய்து விற்றார்கள். அவற்றில் சுட்டால் உறை வயிறு உப்பி வெளியே வரும், சிலது பிளக்கும், குறியும் தவறும். இன்னொன்றும் உண்டு. 1944இல் கப்பல் தளத்தில் விழுந்த ஒரு விக்டரி வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். அதன் பிறகுதான் ஹேமர் தடுப்பை மாற்றியமைத்தார்கள். அதற்கு முந்தையவற்றில் ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக வைப்பதுதான் உசிதம்.

நடுவில் ஒடித்துத் திறக்கும் சின்னச் சட்டைப்பை ரிவால்வர்கள் மலிவாகக் கிடைக்கும். பல, பழைய வெடிமருந்தான கரும்பொடியின் காலத்தவை. இலக்குச் சுடுதலுக்கு ஆகாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கையில் நான்கு பொருள் கொண்டுபோங்கள்: சின்ன டார்ச், ஒரு துண்டு வெள்ளைத் தாள், படிக்கும் கண்ணாடி, ஃபீலர் கேஜ். வால்வு இடைவெளி பார்க்க பைக் மெக்கானிக் வைத்திருப்பாரே, அதே தகடுகள்தான்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். கொடுத்தவர் பார்த்தேன் என்று சொல்லியிருந்தாலும் பாருங்கள். குழாயின் முனை யாரையும் நோக்கக் கூடாது. டிரிகரை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு இழுங்கள், அதுதான் மரியாதை. .22 ஆக இருந்தால் அறைகளில் வெடிமருந்து இல்லாத பொய்த்தோட்டா இல்லாமல் ஹேமரை விழ விடாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் அடித்துக் காயப்படுத்தும்.

இனி முக்கியமான சோதனை. இடது கையின் ஒரு விரலை சிலிண்டர்மேல் லேசாகப் பிரேக் பிடிப்பதுபோல வையுங்கள். வலது கட்டைவிரலால் ஹேமரை மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்பு, அல்லது அதே கணத்தில், சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளித்தான் பூட்ட வேண்டியிருக்கிறது என்றால் நேரம் தப்பிவிட்டது. என் முதல் ரிவால்வரின் நோய் இதுதான். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஆறாவது தப்புவதும் உண்டு. சிலிண்டரை நகர்த்தும் உறுப்பை மாற்றினால் சரியாகும், ஆனால் அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து டிரிகரை இழுத்து, ஹேமர் விழுந்த பிறகும் விரலை விடாமல் பின்னாலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வெடிக்கும் கணத்தில் துப்பாக்கி இருக்கும் நிலை இது. இப்போது சிலிண்டரை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை, கடகடவென்று ஆடினால் வேண்டாம். முன்னும் பின்னுமாகவும் தள்ளிப் பாருங்கள். இந்த ஆட்டம் ஏறக்குறைய இல்லாமலே இருக்க வேண்டும். இருந்தால் நிறையச் சுட்ட துப்பாக்கி, அல்லது கனமான தோட்டாவால் அடிபட்ட துப்பாக்கி.

சிலிண்டருக்கும் பேரலின் பின்முனைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.006 அங்குலம் அருமை, 0.004 முதல் 0.010 வரை சரி. அதைத் தாண்டினால் வாயுவும் ஈயமும் பக்கவாட்டில் சீறும். 0.003க்குக் கீழே இருந்தால் ஐம்பது ரவுண்டில் கரி படிந்து சிலிண்டர் இறுகிக்கொள்ளும்.

ஹேமரைப் பின்னால் நிறுத்தி, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னோக்கி ஓரளவு அழுத்துங்கள். அது விழவே கூடாது. விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டு டிரிகரை இலகுவாக்கியிருக்கிறார்கள். என்ன விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். இதன் உறவுக்காரத் திருட்டு ஒன்றும் உண்டு. பிடியின் முன்பக்கத்தில் கீழே ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் டிரிகர் இலகுவாகத் தோன்றும், ஆனால் தோட்டா வெடிக்காமல் போகும். அது முழுதாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சிலிண்டரைத் திறந்து, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, டார்ச் வெளிச்சத்தை அதில் அடித்துப் பேரலுக்குள் பாருங்கள். சுருள் வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும். நடுவில் வளையம்போல ஒரு நிழல் தெரிந்தால், முன்பு ஒரு குண்டு மாட்டிக்கொண்ட நேரத்தில் இன்னொன்றைச் சுட்டு பேரல் உப்பியிருக்கிறது. வெளியே விரலால் தடவினாலும் தட்டுப்படலாம். அப்படியே வைத்துவிடுங்கள். சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம், பல நேரம் அது ஈயம், துடைத்தால் போய்விடும். பேரலின் பின்முனையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். .357 மேக்னம் சுடும் மாடல் 19இல் இந்த இடத்தின் அடிப்பகுதி விரிசல் விடுவது பெயர்போன விஷயம். .38இல் அபூர்வம்.

உறைகளைத் தள்ளும் கம்பி நேராக இருக்கிறதா என்று சிலிண்டரைத் திறந்து சுழற்றிப் பாருங்கள். கம்பியின் முனை வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. சினிமாவில் பார்ப்பதுபோல மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடியவர்கள் செய்த சேதம் இது. நீங்கள் எப்போதும் இரண்டு கையால் மூடுங்கள்.

கடைசியாகத் திருகுகள். தலை சிதைந்திருந்தால், தெரியாதவர்கள் திறந்திருக்கிறார்கள். எழுத்துப் பொறிப்புகள் மங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்திருந்தால், தேய்த்து மறுபடி நீலச்சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவருக்கு இது பெரிய குறை, சுடுகிற உங்களுக்கு நல்ல செய்தி. உள்ளே எல்லாம் சரியாக இருந்து வெளியே மட்டும் மறுபூச்சு என்றால், அதே துப்பாக்கி கணிசமாக மலிவாகக் கிடைக்கும். இடுப்பில் மாட்டும் தோல் உறைக்குள் உரசி நிறம் போனதும் அப்படித்தான். இப்போது நான் சுடும் மாடல் 14 முனையில் வெள்ளையாகத் தேய்ந்தது, பார்க்கச் சுமார்தான். பூட்டு மட்டும் வங்கிப் பெட்டகம்போல இருக்கும்.

எங்கே வாங்குவது

உள்ளூர்க் கடை முதலிடம், இத்தனை சோதனையும் செய்ய விடுவார்கள். கிளப்பில் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. வயதான உறுப்பினர்கள் விற்கும்போது துப்பாக்கியின் முழு வரலாறும் சேர்ந்து வரும். இணைய ஏலத்தில் வாங்கினால், வேறு மாநிலத்திலிருந்து வரும் கைத்துப்பாக்கி உங்கள் மாநிலத்தின் உரிமம் பெற்ற வியாபாரிக்கே வந்து சேர வேண்டும், அவருக்குக் கட்டணம் உண்டு. அங்கே போனதும் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யுங்கள். உங்கள் பெயருக்கு மாறிய பின் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுக்கமாட்டார்கள். திருப்பும் விதி என்ன என்பதை ஏலம் கேட்கும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். தனியாரிடம் வாங்கினாலும் ஒரு கடை வழியாக மாற்றிக்கொள்வதே என் வழக்கம். வரிசை எண்ணோடு ரசீது இருக்கும், மனமும் நிம்மதி.

வீட்டுக்குக் கொண்டுவரும் முன்

பூட்டும் பெட்டகத்தை முதலில் வாங்குங்கள், துப்பாக்கியை அப்புறம். தோட்டா தனியே, வேறு பூட்டில். குழந்தைகளுக்குத் தெரியாத இடம் என்று ஒன்று வீட்டில் கிடையாது. வீட்டில் யாராவது மனச்சோர்வில், துயரத்தில் இருக்கும் காலம் என்றால் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். ரேஞ்சில் வாடகைக்குக் கிடைப்பதை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், வாங்குவது ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன?

முதல் நாள் சுடும்போது

பழைய எண்ணெய் கோந்துபோல இறுகியிருக்கும், நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். உள்ளமைப்பை மூடியிருக்கும் பக்கத் தகட்டை நெம்பித் திறக்க நினைக்காதீர்கள், விளிம்பு கெட்டுவிடும். மரப்பிடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, சுடுவதற்கு ரப்பர் பிடி போடலாம். அந்தப் பழைய மரப்பிடிக்கே தனி விலை உண்டு.

தோட்டா: 148 கிரெய்ன் (குண்டின் எடை) வாட்கட்டர். தலை தட்டையான ஈயக்குண்டு, தாளில் அச்சு வெட்டியதுபோல வட்டமான ஓட்டை விழும், புள்ளி எண்ணுவது சுலபம். பெட்டியில் +பி என்று போட்டிருந்தால் அது அழுத்தம் கூடியது, மாடல் எண் இல்லாத பழைய துப்பாக்கியில் போடவே கூடாது. இலக்குச் சுடுதலுக்கு எதிலுமே அது தேவையில்லை.

கண்ணாடி, காதடைப்பு இரண்டும் கட்டாயம். பிடிக்காத கையின் விரல்கள் சிலிண்டரின் முன்விளிம்புக்குப் பக்கத்தில் போகவே கூடாது, அந்த இடுக்கில் வரும் வாயு தோலைக் கிழிக்கும். சுட்ட பின் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், அதற்குப் பிறகுதான் காபி. அந்தச் செருப்போடு குழந்தை தவழும் தரைக்கு வர வேண்டாம். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது.

அறைகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை மார்க்கரால் குறியிடுங்கள். முதல் ஆறு ரவுண்டையும் ஒவ்வொன்றாகச் சுட்டு, எந்த உறை எந்த அறையில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். உறையின் அடியில் ஊசி அடித்த தடம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றில் ஓரமாக விழுந்திருந்தால் அந்த அறை சரியாக நேர்ப்படவில்லை, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எல்லாம் நடுவில் என்றால் ஏழு கெஜத்தில் ஆரம்பியுங்கள். போட்டியின் 25, 50 கெஜமெல்லாம் அப்புறம்.

பிறகு ஒவ்வொரு அறையிலும் ஐந்து ரவுண்டு, அறைக்கு ஒரு தாள். துப்பாக்கியை மணல்மூட்டைமேல் தாங்கிச் சுடுங்கள். பெரும்பாலும் ஒரு அறை மற்றவற்றைவிடச் சற்று விலகிப் போடும். என்னுடையதில் அது நான்காவது. போட்டியில் ஐந்து ஐந்தாகத்தான் சுடுவோம், அதனால் நான்கை எப்போதும் காலியாக விட்டுவிடுகிறேன்.